மதிப்பெண்ணுக்குப் பின்னால் நிற்பவை

"சேரிப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது" என்னும் பழிச்சொல்லை நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாகக் கேட்டனர். அது இயற்கையின் தீர்ப்பா, மனிதர் இழைத்த கேடா என்பதை ஆராய்ச்சியால் அறிவதே முறை. வரலாறு நமக்கு மூன்று சான்றுகளைத் தருகின்றது.

1920இல், சர் பி. தியாகராயர் தலைமையில் இயங்கிய சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் மதிய உணவு வழங்கத் தீர்மானித்தது. செலவு, மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகலாகாது. பின்னர் மேலும் நான்கு பள்ளிகளுக்கு அது விரிந்தது. 1922-23இல் 811 ஆக இருந்த மாணவர் தொகை 1924-25இல் 1,671 ஆயிற்று. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து அச்செலவைச் செய்ய அரசு இசையாமையால், 1925 ஏப்ரலில் திட்டம் நின்றது. மாணவர் பெருகியமைக்கு வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். எனினும், பள்ளிக்கும் பிள்ளைக்கும் இடையே பசி நின்றதை இக்கணக்கு உணர்த்துகின்றது. 1956இல் காமராசர் மாநிலமெங்கும் அவ்வழியை விரித்தார்.

பசி நீங்கினும் இழிவு நீங்கவில்லையேல் என்னாகும்? கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்னும் ஆய்வாளர் இருவர் 2003இல் உத்தரப் பிரதேசத்தில் இதனைச் சோதித்தனர். உயர்சாதியினர் எனப்படும் சிறுவர் 321 பேர். தாழ்த்தப்பட்ட சிறுவர் 321 பேர். வழி கண்டுபிடிக்கும் புதிர்களை அவர்களிடம் கொடுத்தனர். சாதியைக் கூறாதபோது இரு சாராரிடையே குறிப்பிடத்தக்க வேற்றுமை இல்லை. சாதியை அனைவர் முன்னும் அறிவித்தபோது தாழ்த்தப்பட்ட சிறுவரின் வெற்றி குறைந்தது. அறிவு அதே அறிவுதான், மாறியது சூழலே.

மூன்றாவது சான்று நம் மாநிலத்தது. பெருந்தொற்றால் பள்ளிகள் மூடியிருந்தபின், 2021 டிசம்பரில் தமிழகக் கிராமப்புறச் சிறுவரின் கற்றலில் பெருங்குறை காணப்பட்டது. பள்ளிகள் திறந்த ஆறு மாதங்களில் அக்குறையில் மூன்றில் இரு பங்கு நிரம்பிற்று. அந்த மீட்சியில் ஏறத்தாழக் கால் பங்கு, மாலை வேளைகளில் தன்னார்வலர் கற்பித்த 'இல்லம் தேடிக் கல்வி'யால் விளைந்ததென ஆய்வாளர் கணித்தனர்.

இளைஞர்களே! சேர்வராயன் மலையடிவாரத்து நம் கொண்டப்பநாயக்கன்பட்டியிலும் இவ்வாராய்ச்சி இயலும். எப்பிள்ளை எந்நாளில் பள்ளிக்கு வரவில்லை, ஏன் வரவில்லை, காலையில் உண்டதா, மாலையில் அமர்ந்து படிக்க இடமுண்டா, வகுப்பில் எவ்வாறு அழைக்கப்படுகின்றது என்பவற்றை ஒரு குறிப்பேட்டில் ஆண்டுதோறும் எழுதி வருவோம். காரணம் தெரிந்தாலன்றிக் குறையைக் களைய இயலாது. மதிப்பெண் குறைந்த பிள்ளையைக் கடிந்துரைக்குமுன் அக்குறிப்பேட்டைப் புரட்டிப் பார்ப்பதே நம் கல்விச் சங்கத்தின் அடுத்த கால்நூற்றாண்டுப் பணியாகுக.