தொண்டர் படையும் சட்டமும்

நாட்டைக் காக்கத் தானே முன்வந்து நிற்பவனைத் தொண்டன் என்கிறோம். அவன் முன்வருவதற்கு எந்தச் சட்டமும் தேவையில்லை. உள்ளத்தில் எழும் ஊக்கமே போதும். ஆனால் ஊக்கமுள்ள ஆயிரம் பேர் துப்பாக்கி ஏந்தி ஒரு திடலில் கூடிவிட்டால் அது படையாகிவிடுமா? ஆகாது. சட்டத்தின் கண்ணுக்கு அது ஆயுதம் தாங்கிய கும்பலே. அந்தக் கும்பலைப் படையாக்குவது எது? இந்தக் கேள்வியோடு தொடங்கினால், பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் நம் நாட்டில் இருந்த 'வாலண்டியர் ரெஜிமெண்டு'களின் வரலாறு நமக்குப் பல உண்மைகளைப் புலப்படுத்தும்.

சம்பளம் பெற்று முழுநேரமும் பணியாற்றும் சிப்பாயின் நிலை தெளிவானது. அவன் எந்நேரமும் ராணுவச் சட்டத்துக்கு உட்பட்டவன். தொண்டர் படை வீரனோ பகலில் குமாஸ்தா, மாலையில் சிப்பாய். அணிவகுப்பின்போது அவன் மேலதிகாரியின் ஆணையை மீறினால் யார் தண்டிப்பது? அவன் விரும்பும்போது விலகிக்கொள்ளலாமா? படைக்கென்று சேர்த்த பணமும் பொருளும் யாருடைய உடைமை? போர் மூண்டால் அவனை எவ்வளவு தூரம் அனுப்பலாம்? இவற்றுக்கெல்லாம் விடை கூறுவதே தொண்டர் படைச் சட்டத்தின் வேலை.

இங்கிலாந்தில் 1859-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் படையெடுத்து வருவர் என்ற அச்சம் பரவியது. ஊர்தோறும் தொண்டர் படைகள் தோன்றின. அவற்றை ஒழுங்குபடுத்த 1863-இல் ஒரு சட்டம் இயற்றினார்கள். அதன் அமைப்பைச் சற்றே காண்போம். தொண்டர்கள் தம் பணியை அளிக்க முன்வருகிறார்கள். அரசி அப்பணியை ஏற்றுக்கொள்கிறார். ஏற்றுக்கொண்ட பின்னரே அது படை. வீரர்கள் விசுவாசப் பிரமாணம் செய்யவேண்டும். உண்மையான போர்ப்பணியில் இல்லாத காலத்தில் 14 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து எவரும் விலகிக்கொள்ளலாம். படையின் பொதுச் சொத்து அதன் தலைமை அதிகாரியின் பெயரில் இருக்கும்; அவர் பெயராலேயே வழக்குத் தொடரலாம். பகைவர் படையெடுத்தாலோ, படையெடுப்பு நேரும் என்ற அச்சம் இருந்தாலோ அரசாங்கம் அவர்களை அழைக்கலாம். அழைக்கப்பட்ட பின் அவர்கள் ராணுவச் சட்டத்துக்கு உட்பட்டவர்கள்.

இதில் ஒரு சொல்லை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும் என்று விரும்புகிறேன். 'ஏற்றுக்கொள்ளுதல்' என்பதே அச்சொல். அளிப்பவன் தொண்டன், ஏற்பது அரசு. அரசு ஏற்காவிட்டால் தொண்டனின் வீரம் வீட்டுக்குள்ளேயே அடங்கிவிடும். யாருடைய தொண்டை ஏற்பது, யாருடையதை மறுப்பது என்பதில்தான் ஓர் ஆட்சியின் உள்ளம் வெளிப்படுகிறது.

இந்தியாவுக்கு வருவோம். 1857-ஆம் ஆண்டில் வடநாட்டில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது, கல்கத்தாவில் வாழ்ந்த ஐரோப்பியர் தொண்டர் படை அமைக்க முன்வந்தனர். கவர்னர் ஜெனரல் கானிங் பிரபு முதலில் அதை ஏற்கவில்லை. சில வாரங்களுக்குள் ஏற்றுக்கொண்டார். அவ்வாறு எழுந்ததே கல்கத்தா வாலண்டியர் கார்டுகள் என்னும் படை. அதே ஆண்டில் சென்னையிலும் மதராஸ் வாலண்டியர் கார்டுகள் தோன்றின. இத்தகைய படைகளின் ஒழுங்குக்காக அவ்வாண்டே 23-ஆவது சட்டம் பிறந்தது. பின்னர் 1869-இல் 20-ஆவது சட்டமாக இந்திய வாலண்டியர் சட்டம் வந்தது. அதன் நிழலில் பல படைகள் வளர்ந்தன. ரயில்வேக் கம்பெனிகளின் ஊழியர், தோட்ட முதலாளிகள், வியாபார நிலையங்களின் அலுவலர் ஆகியோர் அவற்றில் சேர்ந்தனர். அவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியரும், அக்காலத்தில் யுரேஷியர் எனப்பட்ட ஆங்கிலோ-இந்தியரும் ஆவர்.

அப்படியானால் இந்தியர்? விண்ணப்பத்தை ஏற்கவோ மறுக்கவோ உள்ள அதிகாரம் படைத்தலைவரிடமும் அரசாங்கத்திடமும் இருந்தது. அந்த அதிகாரமே அடைத்த கதவாயிற்று. இதற்குத் துணையாக 1878-ஆம் ஆண்டில் லிட்டன் பிரபுவின் ஆட்சியில் ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியன் ஆயுதம் வைத்துக்கொள்ள லைசென்ஸ் பெறவேண்டும். ஐரோப்பியனுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஒரே மண்ணில் வாழும் இருவரில் ஒருவன் கைத் துப்பாக்கி காவலின் சின்னம். மற்றவன் கைத் துப்பாக்கி சந்தேகத்தின் சின்னம்.

1885-ஆம் ஆண்டில் ஆப்கானிஸ்தானத்து எல்லையில் பஞ்சதே என்னுமிடத்தில் ருஷியப் படை ஆப்கானியரைத் தோற்கடித்தது. ருஷியா இந்தியாமேல் பாயுமோ என்ற பீதி எழுந்தது. அவ்வேளையில் கல்வி கற்ற இந்தியர் பலர், "எங்களையும் தொண்டர் படையில் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று கோரினர். டப்பரின் பிரபுவின் அரசாங்கம் அதற்கு இணங்கவில்லை. அவ்வாண்டின் இறுதியில்தான் காங்கிரஸ் மகாசபை பிறந்தது. 1886-இல் கல்கத்தாவில் கூடிய இரண்டாம் மகாசபை, இந்தியருக்கும் தொண்டர் படை வாய்ப்பை அளிக்கவேண்டும் என்று தீர்மானம் செய்தது. ராஜா ராம்பால் சிங் அதற்காக வாதாடினார். மறு ஆண்டு பத்ருதீன் தயாப்ஜியின் தலைமையில் சென்னையில் கூடிய மகாசபையும் அக்கோரிக்கையை மீண்டும் எழுப்பியது; ஆயுதச் சட்டத்தைத் திருத்தவும் வற்புறுத்தியது. சம்பளமோ பட்டமோ அவர்கள் கேட்கவில்லை. நாட்டுக்காக உயிர்விடும் உரிமையைக் கேட்டார்கள்.

சட்டத்தில் இடம் இருந்தும் மனத்தில் இடம் இல்லாமற்போன ஒரு நிகழ்ச்சியைத் தென்னாப்பிரிக்காவில் காண்கிறோம். நேட்டால் குடியேற்றத்தில் 1875-இலேயே 25-ஆவது சட்டம், இந்தியக் குடியேறிகளைக் கொண்ட ஒரு தொண்டர் காலாட்படைக்கு வழிசெய்திருந்தது. ஏட்டில் இருந்த அச்சட்டத்தை 1905-இல் தம் பத்திரிகையில் நினைவூட்டியவர் காந்தியடிகள். அதற்கு முன்பே 1899-இல் போயர் யுத்தத்தின்போது அவர் அமைத்த இந்திய ஆம்புலன்ஸ் படையில் ஏறத்தாழ 1,100 பேர் பணியாற்றினர். அவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தக் கூலிகள். தமிழர் பலர் அவர்களிடையே இருந்தனர். அவர்களுக்குத் துப்பாக்கி கிடைக்கவில்லை. காயமுற்றோரைச் சுமந்து செல்லும் டோலியே கிடைத்தது. குண்டு பாயும் களத்திலும் அவர்கள் அதைச் சுமந்தார்கள்.

எங்கும் இதே நிலை என்று எண்ணிவிடவேண்டாம். பாக்கு நீரிணைக்கு அப்பால், அதே பிரிட்டிஷ் முடியின்கீழ் இருந்த இலங்கையில், 1881-ஆம் ஆண்டில் சிலோன் லைட் இன்பன்ட்ரி வாலண்டியர் படை அமைந்தபோது இலங்கை மக்களுக்கும் அதில் இடம் இருந்தது. ஆகவே, ஆளப்படுவோரைத் தொண்டர் படையில் சேர்த்தால் ஆட்சி கவிழ்ந்துவிடும் என்பது பொதுவிதி ஆகாது. 1857-இன் நினைவு இந்திய ஆட்சியாளர் நெஞ்சை விட்டு அகலவில்லை என்பதே உண்மை.

முதல் உலகப் போர் நிலைமையை மாற்றியது. 1917-ஆம் ஆண்டின் இந்தியப் பாதுகாப்புப் படைச் சட்டம் பழைய வாலண்டியர் படைகளுக்கு முடிவு கட்டியது. 16 முதல் 50 வயது வரையுள்ள ஐரோப்பிய பிரிட்டிஷ் பிரஜைகளுக்குப் பயிற்சியோ பணியோ வயதுக்கேற்பக் கட்டாயமாயிற்று. இந்தியரோ விரும்பினால் தனிப் பிரிவுகளில் சேரலாம் என்று ஆயிற்று. விந்தையைப் பாருங்கள்! அறுபது ஆண்டுகளாகத் தொண்டர் என்று பெயர் பூண்டவர் கட்டாயத்துக்கு ஆளாயினர். அறுபது ஆண்டுகளாக வாசலில் நின்றவர், சட்டத்தின் முன் முதன்முறையாகத் தொண்டராயினர். அச்சட்டத்தின் பயனாகவே சர்வகலாசாலைகளில் மாணவர் படைகள் தோன்றின.

போர் முடிந்தபின் 1920-இல் இரட்டைக் குழந்தைகளைப்போல் இரண்டு சட்டங்கள் அடுத்தடுத்துப் பிறந்தன. 48-ஆவது சட்டம் இந்தியருக்கான டெரிடோரியல் படையை அமைத்தது. 49-ஆவது சட்டம் ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ-இந்தியருக்குமான துணைப்படையை அமைத்தது. துணைப்படையினர் தம் வட்டாரத்துக்குள் மட்டும் பணியாற்றினால் போதும். டெரிடோரியல் படையினரை இந்தியாவில் எங்கும் அனுப்பலாம். நெருக்கடியில் தனி ஆணை பிறப்பித்து வெளிநாட்டுக்கும் அனுப்பலாம். பணியின் சுமை இந்தியனுக்கு அதிகம். நம்பிக்கையோ ஐரோப்பியனுக்கு அதிகம். சட்டசபையில் இந்தியப் பிரதிநிதிகள் இந்த வேற்றுமையைக் கண்டித்தனர். அதன்மேல், ஸர் ஜான் ஷே தலைமையில் அமைந்த கமிட்டி 1925-இல் இதை ஆராய்ந்து யோசனைகள் கூறியது. ஆயினும் இனத்தின் பெயரால் பிரிந்த இரு படைகளும் பிரிட்டிஷ் ஆட்சி முடியும் வரை இரண்டாகவே இருந்தன.

அந்த டெரிடோரியல் படையால் தென்னாட்டுக்கு ஒரு நன்மை விளைந்ததை நாம் மறக்கலாகாது. 1920-களின் இறுதியில் நிலையான ராணுவத்தின் பட்டியலிலிருந்து மதராஸ் ரெஜிமெண்டு மறைந்தது. அப்பெயர் டெரிடோரியல் பட்டாளங்களில் மட்டும் உயிரோடு இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது அந்த ரெஜிமெண்டை மீண்டும் உருவாக்க முற்பட்டபோது, அப்பட்டாளங்களே விதைநெல்லாக உதவின. அரைநேரச் சிப்பாய்களே ஒரு பழைய ரெஜிமெண்டின் பெயரை அழியாமல் காத்தார்கள்.

சுதந்திரம் வந்தது. 1948-ஆம் ஆண்டில் இரண்டு சட்டங்கள் மீண்டும் பிறந்தன. ஒன்று தேசிய மாணவர் படைச் சட்டம். மற்றொன்று டெரிடோரியல் ராணுவச் சட்டம். இந்த டெரிடோரியல் ராணுவத்தை 1949-ஆம் ஆண்டு அக்டோபர் 9-ஆம் நாள் கவர்னர் ஜெனரல் ராஜாஜி தொடங்கிவைத்தார். யார் சேரலாம் என்ற பழைய கேள்விக்குப் புதிய சட்டம் கூறிய விடை எளியது: இந்தியாவின் குடிமகன் எவனும் தகுதியிருந்தால் சேரலாம். இனம் இல்லை, நிறம் இல்லை, மதம் இல்லை. மாணவர் படையில் 1949-இலேயே பெண்கள் பிரிவும் அமைந்தது.

மாணவர் படை உறுப்பினருக்குப் போர்ப்பணிக்குச் செல்லும் கடமை கிடையாது என்று அதன் சட்டமே விதித்திருக்கிறது. 1962-இல் சீனப் படையெடுப்பு நேர்ந்தபின், 1963-இல் கல்லூரி மாணவருக்கு அப்பயிற்சி கட்டாயமாயிற்று. 1968-இல் மீண்டும் விருப்பத்துக்கு விடப்பட்டது. தொண்டு என்பது விருப்பத்தில் வேரூன்றியது என்பதை நம் நாடும் அனுபவத்தால் அறிந்தது எனலாம்.

ஆயுதம் ஏந்தும் ஆர்வத்தை உங்களிடம் மூட்டுவது என் நோக்கமன்று. சட்டப் புத்தகத்தின் உலர்ந்த பிரிவுகளைப் படிக்கும்போது, அவற்றுக்குப் பின்னால் நிற்கும் மனிதரைப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்பதே என் வேண்டுகோள். 'ஏற்றுக்கொள்ளலாம்' என்ற ஒரு வினைச்சொல் அறுபது ஆண்டுகள் ஒரு நாட்டு மக்களை வாசலில் நிறுத்தியது. 'குடிமகன்' என்ற ஒரு பெயர்ச்சொல் அந்த வாசலைத் திறந்தது. உங்களில் பலர் வாரந்தோறும் காக்கிச் சீருடை அணிந்து கல்லூரித் திடலில் அணிவகுத்து நிற்பீர்கள். வருகைப் பதிவேட்டில் உங்கள் பெயரை அழைக்கும்போது நீங்கள் குரல் கொடுக்கிறீர்கள். அக்குரலை நாடு ஏற்றுக்கொள்கிறது. முன்பு ஒரு தலைமுறை அந்தப் பதிவேட்டில் தன் பெயர் ஏறவேண்டும் என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்தது. அதை நினைவில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து நில்லுங்கள்.