மூன்று நாடுகளின் அணித்தலைவர்

விளையாட்டு வீரர் ஒருவர் தம் நாட்டணியை மாற்றிக்கொள்வது இன்று புதுமையன்று. பனித்தரையில் நெடுந்தூரம் சறுக்கி விரையும் போட்டியிற் பெயர்பெற்ற டெட்-யான் புளூமன் நெதர்லாந்து நாட்டவர். 2014இல் அவர் கனடாவுக்குக் குடிபெயர்ந்தார். 2018ஆம் ஆண்டுக் குளிர்கால ஒலிம்பிக்கில் 10,000 மீற்றர் போட்டியிற் கனடாவுக்காகத் தங்கப்பதக்கம் வென்றார். அவருடைய தந்தை கனடாவிற் பிறந்தவர். அந்த ஒரு பிறப்பே மகனுக்குக் கதவைத் திறந்துவிட்டது.

பனியையே காணாத எமது நாட்டிலும் இத்தகைய ஒருவர் முன்னரே வாழ்ந்திருக்கிறார். வெள்ளவத்தை ஒழுங்கைகளிலும் கொட்டாஞ்சேனைச் சந்துகளிலும் மட்டை பிடிக்கும் எம் மாணவருட் பலர் அவர் பெயரை அறியார். அவர்தாம் மகாதேவ சதாசிவம். இலங்கை, சிங்கப்பூர், மலாயா ஆகிய மூன்று நாடுகளின் கிரிக்கெட் அணிகளுக்கும் தலைமை தாங்கியவர்.

1915இற் பிறந்த சதாசிவம் கொழும்பு வெஸ்லிக் கல்லூரியிற் பயின்று, தமிழ் யூனியன் கழகத்திற்காக ஆடினார். அக்காலக் கொழும்பிற் கழகங்கள் இனவாரியாகவே அமைந்திருந்தன: சிங்களவர்க்கு ஒன்று, தமிழர்க்கு ஒன்று, பறங்கியர்க்கு ஒன்று, சோனகர்க்கு ஒன்று. ஆயினும் இவை அனைத்துக்கும் பொதுவானது ஆங்கிலக் கல்வி பெற்ற வர்க்கமே. 1947இற் சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக அவர் 215 ஓட்டங்கள் குவித்தார். தமிழர் ஒருவர் தமிழகத்து மண்ணில் இலங்கைக்காக ஆடினார். அவர் இலங்கையரே என்பதில் எவர்க்கும் ஐயம் எழவில்லை.

1948 பெப்ரவரி 4ஆந் திகதி நாடு சுதந்திரம் பெற்றது. மார்ச் 27இல், இங்கிலாந்து செல்லும் வழியிற் கொழும்பில் இறங்கிய பிராட்மனின் அவுஸ்திரேலிய அணியை ஓவல் மைதானத்தில் எதிர்கொண்ட இலங்கை அணிக்குச் சதாசிவமே தலைவர். ஆடுகளம் 22 யாருக்குப் பதிலாக 20 யாராகவே அளக்கப்பட்டிருந்தது என்பது ஆட்டத்தின்போதே வெளிப்பட்டது.

அதே ஆண்டில் மற்றோர் அளவுகோலும் வகுக்கப்பட்டது. நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்த பிரசாவுரிமைச் சட்டம், இந்நாட்டிற் பிறந்தவனிடமும் அவன் தந்தை இங்கு பிறந்தமைக்குச் சான்று கேட்டது. அன்றேல் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தமைக்குச் சான்று கேட்டது. தேயிலைத் தோட்டத்து லயத்திற் பிறந்த பாட்டனுக்கு ஏது பத்திரம்? ஏறத்தாழ ஏழு இலட்சம் மக்கள் நாடற்றவராயினர். 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. தொழிலாளரின் வாக்கு இடதுசாரிகளுக்கு வலுவூட்டியமையே ஆட்சியாளரின் அச்சத்துக்குக் காரணம். கொழும்புத் தமிழ்ப் பிரமுகருட் சிலரோ ஆட்சியாளர் பக்கமே நின்றனர்.

1951இற் சதாசிவம் தம் மனைவியின் கொலை தொடர்பாகக் கைதானார். இடதுசாரித் தலைவர் கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா அவருக்காக வாதாடினார். 1953இல் ஜூரிமார் அவரைக் குற்றமற்றவரெனத் தீர்த்தனர். அதன்பின் அவர் கடல் கடந்தார். அவர் சென்ற வழி பழகிய வழி. ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத்தார் மலாயா ரயில்வேயிலும் அரச அலுவலகங்களிலும் முன்னரே வேரூன்றித் தமக்கெனக் கழகங்களும் அமைத்திருந்தனர். அங்கும் சதாசிவத்தின் திறமைக்கு அணித்தலைமை காத்திருந்தது. 1977இல் அவர் மறைந்தார்.

மலையகத் தொழிலாளரும் நாடு மாறினர். ஆனால் அவர்களை எவரும் விருப்பம் கேட்கவில்லை. 1964 ஒக்டோபரிற் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கதியைப் பின்னர் பேசலாம் என ஒத்திவைத்தது. தாம் கண்டறியாத 'தாயகத்துக்கு' அவர்கள் தலைமன்னாரிற் கப்பலேறினர். இங்கு எஞ்சியிருந்த நாடற்றவர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே குடியுரிமை வழங்கிற்று.

சதாசிவத்தின் பெருமையைக் குறைப்பது எம் நோக்கமன்று. அவரது மட்டையின் நேர்த்தி எவர்க்கும் கடன்பட்டதன்று. நாம் கேட்பது வேறு: நாட்டைத் தெரிந்துகொள்ளும் உரிமை யாருக்கு உரியது? மட்டை பிடித்த கைக்கு மூன்று நாடுகள் தலைமை அளித்தன. கொழுந்து பறித்த கைக்கு ஒரு நாடும் இல்லை என்றாயிற்று. ஓவல் மைதானத்தில் இரண்டு யார் குறைந்ததை அன்றைய ஆட்டத்திலேயே கண்டுகொண்டார்கள். மக்களை அளந்த கோலின் பிழையைத் திருத்த இந்நாட்டுக்கு 55 ஆண்டுகள் சென்றன.