கூம்பு வந்த வழி

அக்கா கல்யாணத்துக்கு வீடியோ எடுத்தவர் இரண்டு சிடி கொடுத்தார். ஐந்தாறு வருஷத்தில் இரண்டிலும் கீறல் விழுந்துவிட்டது. மாப்பிள்ளை அழைப்பு, காசி யாத்திரை வரைக்கும் ஒழுங்காக ஓடும். சரியாகத் தாலி கட்டுகிற நேரத்தில் பிளேயர் நின்றுவிடும். அப்பா சிடியை வேட்டி நுனியால் துடைத்துத் துடைத்துப் போடுவார். அதே இடத்தில் மறுபடி நிற்கும்.

தெருமுனை பிரௌசிங் சென்டரில் இருந்த அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் சிடியைக் கம்ப்யூட்டருக்குள் தள்ளி, உள்ளே இருந்த ஃபைலை மவுசால் பிடித்து இழுத்து, திரையில் இருந்த ஆரஞ்சு வெள்ளைக் கூம்பின் மேல் விட்டார். படம் கட்டம் கட்டமாக உடைந்தது. முகங்களின் மேல் பச்சை வழிந்தது. கெட்டிமேளம் இரண்டு தரம் விக்கியது. ஆனால் நிற்கவில்லை. தாலி ஏறிவிட்டது.

“இது எதையும் ஓட்டும் தம்பி. பென் டிரைவ் இருந்தா குடு, போட்டுத் தர்றேன்” என்றார்.

அவர் கடையில் இருந்த பெரும்பாலான மென்பொருள்களுக்கு யாரும் காசு கொடுத்திருக்கவில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். பென் டிரைவில் ஏற்றித் தந்ததையும் அந்தக் கணக்கில்தான் சேர்த்திருந்தேன். பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது, அது மட்டும் திருட்டு இல்லை. கூம்பைப் படைத்தவர்களே அப்படிக் கைமாற்றிக்கொள்ளச் சொல்லி எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்தக் கூம்பின் பெயர் விஎல்சி.

அது பிறந்த இடம் பாரிஸுக்குத் தெற்கே ஷாத்னே-மலாப்ரி. அங்கே எகோல் சென்ட்ரல் என்ற பழைய பொறியியல் கல்லூரியின் வளாகம் இருந்தது. விடுதிக் கணினிகளை இணைக்கும் நெட்வொர்க்கை மாணவர் சங்கம் ஒன்றே நிர்வகித்துவந்தது. தொண்ணூறுகளின் நடுவில் அந்த நெட்வொர்க் ஆமை வேகத்தில் கிடந்தது. பையன்களுக்கு அதில் கேம் விளையாட வேண்டும். ‘கேம் விளையாடப் புது நெட்வொர்க் வேண்டும்’ என்று கேட்டால் யார் பணம் தருவார்கள்? வேகமான நெட்வொர்க் இருந்தால்தான் முடியும் என்று சொல்லக்கூடிய ஒரு காரியம் வேண்டும்.

கிடைத்த காரியம் தொலைக்காட்சி. அறைக்கு அறை டிஷ்ஷும் செட்டாப் பாக்ஸும் வைப்பதற்குப் பதில், ஒரே ஒரு டிஷ் வைத்து, அதில் வரும் படத்தை நெட்வொர்க் வழியாக எல்லா அறைக் கணினிகளுக்கும் அனுப்பினால் என்ன? 1996இல் இதைக் கல்லூரி புராஜெக்டாகவே மாணவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அதற்கு வீடியோலேன் என்று பெயர். படத்தை அனுப்ப ஒரு மென்பொருள், அறையில் உட்கார்ந்து வாங்கிக் காட்ட ஒரு மென்பொருள். அனுப்புவது வீடியோலேன் சர்வர். வாங்குவது வீடியோலேன் கிளையன்ட். இரண்டாவதன் சுருக்கம்தான் விஎல்சி. 1998இல் பழைய நிரலைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து எழுதினார்கள்.

கூம்பும் அந்த விடுதியின் சொத்துதான். சாலையில் வேலை நடக்கிற இடத்தில் வைக்கிற கூம்புகளைச் சேர்த்துவைக்கிற பழக்கம் நெட்வொர்க் சங்கத்து மாணவர்களுக்கு இருந்தது. மென்பொருளுக்கு ஒரு படம் தேவைப்பட்டபோது கண்ணெதிரே இருந்ததையே வைத்துவிட்டார்கள்.

அக்கா கல்யாண சிடியைக் காப்பாற்றிய குணத்துக்கும் வேர் இந்த விடுதியில்தான் இருக்கிறது. ஒரு ஃபைலைத் திறக்கும் பிளேயர் அது முழுதாக இருக்கும் என்று நம்பித் திறக்கிறது. விஎல்சியோ ஃபைலுக்காகப் பிறந்ததில்லை. நெட்வொர்க்கில் வந்துகொண்டே இருக்கிற ஓட்டத்துக்காகப் பிறந்தது. அந்த ஓட்டத்தில் நடுவே சில துண்டுகள் தொலையும். தொலைந்ததைத் திரும்பக் கேட்டு வாங்க நேரமில்லை. கோல் விழுகிற நேரத்தில் படம் நின்றால் விடுதியே கத்தும். ஆகவே வந்ததைக் காட்டு, வராததை விட்டுவிடு, நிற்காதே என்பதுதான் அது படித்த முதல் பாடம். பாதி மட்டும் தரவிறங்கிய சினிமாவை அது ஓட்டுவதும், கீறல் விழுந்த தாலிக்கட்டைத் தாண்டியதும் அந்தப் பாடத்தால்தான். அனுப்பும் மென்பொருளின் வேலையும் பிற்காலத்தில் விஎல்சிக்குள்ளேயே வந்து சேர்ந்துவிட்டது. பிரௌசிங் சென்டர் அண்ணன் அன்று சிடியிலிருந்து படத்தைத் தனி ஃபைலாகச் சேமித்தும் கொடுத்தார்; அது அந்தப் பழைய சர்வரின் கைவண்ணம்.

இவ்வளவும் ஒரு விடுதிக்குள்ளேயே முடிந்திருக்கலாம். கல்லூரி புராஜெக்ட் என்பதால் நிரலின் உரிமை மாணவர்கள் கையில் மட்டும் இல்லை. கல்லூரி சம்மதிக்க வேண்டும். கடைசியில் இயக்குநர் ஒப்புக்கொண்டு, 2001 பிப்ரவரி 1 அன்று மூல நிரல் குனு பொது உரிமத்தின் கீழ் வெளியானது. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1989இல் முதலில் வெளியிட்ட இந்த உரிமம், காப்புரிமைச் சட்டத்தையே எடுத்து அதன் வாயைத் திருப்பிவைத்த ஏற்பாடு. நிரலை எதற்கு வேண்டுமானாலும் இயக்கலாம், திறந்து படிக்கலாம், பிரதி எடுத்துக் கொடுக்கலாம், மாற்றலாம். ஒரே ஒரு கட்டாயம் உண்டு: மாற்றியதைப் பிறருக்குக் கொடுத்தால் இதே உரிமைகளோடும் மூல நிரலோடும் கொடுக்க வேண்டும். வாங்கிக்கொண்டு வாசலைச் சாத்தக் கூடாது.

வாசல் திறந்ததும் வெளியாட்கள் வந்தார்கள். அப்போது வீடியோ உலகம் இருந்த நிலை நினைவிருக்கலாம். ஏவிஐ, எம்கேவி என்று ஃபைல் பெயரின் வாலில் வருவது வெறும் டிபன் பாக்ஸின் பெயர். உள்ளே இருப்பது எலுமிச்சை சாதமா, தயிர் சாதமா என்று அது சொல்லாது. உள்ளே படத்தைச் சுருக்கிவைத்த முறைக்குக் கோடெக் என்று பெயர். அந்த முறை தெரியாத பிளேயரில் சத்தம் மட்டும் வரும், படம் கருப்பாக இருக்கும். சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு, கோடெக் பேக் தேடி இணையத்தில் அலைந்து, அதோடு வைரஸையும் வீட்டுக்கு அழைத்துவந்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர்.

விஎல்சி அந்த முறைகளைத் தன் மடியிலேயே கட்டிக்கொண்டு வந்தது. எல்லாவற்றையும் அது தனியாக எழுதவில்லை. ஃபாப்ரிஸ் பெல்லார் 2000இல் தொடங்கிய எஃப்எஃப்எம்பெக் என்ற இன்னொரு கட்டற்ற திட்டம் சுருக்கியதைப் பிரிக்கும் வேலையைச் செய்துகொண்டிருந்தது. அதன் நிரலை விஎல்சி எடுத்துக்கொண்டது. பதிலுக்கு, வீடியோவைச் சுருக்கும் எக்ஸ்264 என்ற நிரலை விஎல்சியில் வேலை செய்தவர்கள் உலகத்துக்குக் கொடுத்தார்கள். இணையத்தில் நாம் பார்த்த கணக்கற்ற வீடியோக்கள் அதன் கையால் சுருங்கியவை. யாரும் யாரிடமும் டெண்டர் கேட்கவில்லை, கையெழுத்து வாங்கவில்லை. உரிமம் முன்கூட்டியே சம்மதம் சொல்லிவைத்திருந்தது.

மாணவர்கள் படிப்பு முடிந்து போய்விடுவார்கள். விடுதியை நம்பி எத்தனை காலம் ஓட்டுவது? அங்கே மாணவராக இருந்த ஜான் பாப்டிஸ்ட் கெம்ஃபும் நண்பர்களும் 2009இல் வீடியோலேனை லாப நோக்கமில்லாத தனிச் சங்கமாக ஆக்கினார்கள். தொடங்கிப் பதின்மூன்று வருஷம் கழித்து, அந்த ஜூலையில்தான் விஎல்சி 1.0 என்ற எண்ணையே தொட்டது. விளம்பரம் சேர்த்துக்கொள்ளக் கோடிக்கணக்கில் பணம் தருவதாகப் பலர் வந்தார்கள் என்றும் மறுத்துவிட்டோம் என்றும் கெம்ஃப் பலமுறை சொல்லியிருக்கிறார். படம் பார்க்க உட்காருகிறவனிடம் முகவரி கேட்காமல், விளம்பரம் காட்டாமல், நேராகப் படத்தைப் போடுகிற பொருளாகவே அது இருந்துவிட்டது.

இந்த இடத்தில் தண்ணீர்ப்பந்தல் நினைவுக்கு வரும். எனக்கும் வந்தது. ஆனால் பந்தல் போட்டவர் நினைத்தால் நாளைக்கே பிரித்துவிடலாம். கோடை முடிந்தால் பானையைக் கவிழ்த்துவிடுவார். விஎல்சியை அப்படிப் பிரிக்க முடியாது, போட்டவர்களாலும் முடியாது. இது வெறும் பேச்சில்லை என்பதைக் காட்ட ஒரு சம்பவம் இருக்கிறது.

2010இல் ஐபேடுக்கும் ஐபோனுக்கும் விஎல்சி வந்தது. எல்லோரும் மகிழ்ந்தபோது, அதை எழுதியவர்களில் ஒருவரே ஆட்சேபித்தார். ஆப் ஸ்டோரின் விதிகள் பயன்படுத்துவதற்கும் பகிர்வதற்கும் கட்டுப்பாடு விதிக்கின்றன. பொது உரிமமோ அப்படி எந்தக் கட்டுப்பாடும் கூடாது என்கிறது. இரண்டும் ஒரே உறையில் இருக்க முடியாது என்பது அவர் வாதம். 2011 ஜனவரியில் விஎல்சி அந்தக் கடையிலிருந்து எடுக்கப்பட்டது. ஒரு பக்கம் கோபம், ஒரு பக்கம் கைதட்டல்.

திரும்ப நுழைய வேண்டுமானால் உரிமத்தைத் தளர்த்த வேண்டும். தளர்த்துவது யார்? சங்கத் தலைவர் கையெழுத்துப் போட்டால் போதாது. ஒவ்வொரு வரியும் அதை எழுதியவருக்குச் சொந்தம். இருநூறுக்கும் மேற்பட்டவர்களைத் தேடிப் பிடித்துச் சம்மதம் கேட்க வேண்டியிருந்தது. என்றைக்கோ ஒரு திருத்தம் அனுப்பிவிட்டு மறந்துபோனவர்களும் அதில் அடக்கம். 2011, 2012 ஆகிய வருஷங்கள் இந்தத் தேடலில் போயின. 2013 ஜூலையில்தான் கூம்பு மறுபடி ஐபோனுக்குள் வந்தது. ஒரு விதத்தில் அலுப்பூட்டும் வேலை. ஆனால் பெரிய நிறுவனம் ஒன்று வந்து ஒரே காசோலையில் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு போக முடியாது என்பதற்கும் இந்த அலுப்புதான் உத்தரவாதம்.

வாங்க முடியாது, சரி; மூட முடியுமா? 2022 பிப்ரவரி முதல் இந்தியாவிலிருந்து வீடியோலேனின் இணையதளத்தைத் திறக்க முடியவில்லை. முடக்கியது ஏன் என்று வீடியோலேனுக்கு நோட்டீஸ் கூட வரவில்லை. இன்டர்நெட் ஃப்ரீடம் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பின் உதவியோடு அவர்கள் சட்ட நோட்டீஸ் அனுப்பிய பிறகு, அந்த நவம்பரில் தடை நீங்கியது. அந்த மாதங்களில் நம்மிடம் ஏற்கெனவே இருந்த விஎல்சிகள் ஒன்றுகூட நிற்கவில்லை. போனில், லேப்டாப்பில், பென் டிரைவில் எல்லாம் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. தளத்தை மூடலாம், ஊரெல்லாம் பரவிய பிரதிகளை என்ன செய்வது?

ஆனாலும் அந்த மூடலால் ஒன்றும் கெடவில்லை என்று சொல்ல மாட்டேன். யாரும் பிரதி எடுக்கலாம் என்றால் கெட்டவனும் எடுக்கலாம். கூம்பு முகமூடி மாட்டிய வைரஸ்கள் இணையத்தில் நிறைய உண்டு. எது அசல் என்று சரிபார்க்க மக்களுக்கு ஒரு முகவரி வேண்டும். அந்த முகவரியைத்தான் மூடினார்கள். பாதுகாப்புக்காக என்றால், விளைவு அதற்கு நேர் எதிர்.

2025 ஜனவரியில் விஎல்சி 600 கோடி முறை தரவிறக்கப்பட்டிருப்பதாக வீடியோலேன் அறிவித்தது. கைக்குக் கை, பென் டிரைவுக்குப் பென் டிரைவ் போனதை அந்தக் கணக்கு அறியாது. எனக்கு வந்த பிரதி அதில் இல்லை.

பந்தல் இல்லையென்றால் இதை ஊர்க்கிணறு என்று சொல்லலாமா? யோசித்துத்தான் சொல்ல வேண்டும். ஊர்க்கிணறு என்று பெயர் வைத்துவிட்டு, ஊரில் பாதிப் பேரைக் கயிற்றைத் தொட விடாத கிணறுகளை நாம் அறிவோம். ‘பொது’ என்ற பெயர் மட்டும் போதாது. யார் வேண்டுமானாலும் இறைக்கலாம், தூர்வாரலாம், எவனும் பூட்டுப் போட முடியாது என்று எழுத்தில் இருக்க வேண்டும். விடுதிப் பையன்களின் நிரலில் எத்தனையோ வரிகள் அழிந்து, மாறி, வேறு ஆட்கள் கையால் புதிதாகிவிட்டன. அன்று போட்ட அந்த நிபந்தனை மட்டும் அவர்களையும் தாண்டி நிற்கிறது. நான் அந்த மூல நிரலை ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. திறக்கலாம் என்பதால் வேறு யாரோ திறந்து, தூர்வாரிக்கொண்டிருக்கிறார்கள்.

போன டிசம்பரில் அக்கா மகள் பழைய கல்யாணப் படத்தைக் கேட்டாள். லேப்டாப்பைத் திறந்தேன். கூம்பு கிறிஸ்துமஸ் தாத்தாவின் சிவப்புத் தொப்பியை மாட்டிக்கொண்டு நின்றது; வருஷா வருஷம் அந்த மாதத்தில் அப்படித்தான் நிற்கும். “என்ன மாமா, தொப்பியெல்லாம்?” என்று சிரித்தாள். ஃபைலை இழுத்து அதன் மேல் விட்டேன். தாலி கட்டும் இடத்தில் அதே பச்சை வழிந்தது, கெட்டிமேளம் அதே இரண்டு தரம் விக்கியது. சரியாகிவிடும், அதுபாட்டுக்குப் போகும் என்றேன். போனது.