புயலுக்குக் கணக்கு உண்டா?

எங்க சூலக்கரை கரிசலுக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் கதி. ஆனா புயல் வருஷா வருஷம் ஒரே மாதிரி வர்றதில்லை.

1964 டிசம்பர்ல தனுஷ்கோடியையே கடல் கொண்டுபோச்சு. அது பசிபிக் கடல் குளிர்ந்திருந்த லா நினா காலம். அப்போ வங்கக்கடலில் புயலுக்கு வாய்ப்பு கூடும். பசிபிக்குக்கும் இந்தியப் பெருங்கடலுக்கும் நடுவே காற்றழுத்தம் ஊஞ்சலாட்டம் ஆடுவதை 1920களில் சொன்னவர், இந்திய வானிலைத் துறைத் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கர்.

2023 எல் நினோ வருஷம். டிசம்பர் 17, 18ல் புயலே இல்லை, வெறும் மேலடுக்குச் சுழற்சி. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது.

பூமி சூடானால் புயல் எண்ணிக்கை கூடுமா என்பதில் விவாதம் ஓயலை. ஒரு டிகிரி சூடேறினால் காற்று சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரம் தாங்கும் என்பதில் சர்ச்சை கிடையாது. புயலை அவங்க எண்ணட்டும். நாம கண்மாய்க் கரையைப் பலப்படுத்துவோம்.