முஷ் மடாலயமும் இரு பெண்கள் சுமந்த நூலும்

உயிரைக் காக்க ஓடும்போது எதைக் கையில் எடுப்பது? இடம்பெயர்ந்த நம்மில் பலர் இந்தக் கேள்வியை எதிர்கொண்டவர்கள். 1915இல் இரண்டு ஆர்மீனியப் பெண்கள் ஒரு நூலை எடுத்தார்கள் என்று வாசித்தபோது, அந்த நூல் இருந்த மடாலயத்தைப் பற்றித் தேடத் தொடங்கினேன்.

இன்றைய கிழக்குத் துருக்கியில், முஷ் நகருக்கு அருகே இருந்தது திருத்தூதர்கள் மடாலயம். ஆர்மீனியரைக் கிறிஸ்தவத்துக்குக் கொண்டுவந்த புனித கிரகோரி, திருத்தூதர்களின் திருப்பண்டங்களை வைப்பதற்காக 4ஆம் நூற்றாண்டில் இதை நிறுவினார் என்பது மரபு. மத்திய காலத்தில் இது பெரும் கல்வி நிலையமாகவும் விளங்கியது. 1134இல் செதுக்கப்பட்ட இதன் மரக்கதவு இப்போது ஆர்மீனியத் தலைநகர் யெரெவானில், வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது.

ஆர்மீனியத் திருச்சபையில் கையெழுத்து நூல்களுக்குத் தனி மதிப்பு உண்டு. வேதத்தை மொழிபெயர்த்தவர்களைப் புனிதர்களாகப் போற்றி ஆண்டுதோறும் விழா எடுக்கிறார்கள். கொள்ளைபோன நூலைச் 'சிறைப்பட்டது' என்றும், பணம் கொடுத்து அதைப் பெறுவதை 'மீட்பு' என்றும் எழுதுவது அவர்கள் வழக்கம்.

1200 முதல் 1202 வரை தோலில் எழுதப்பட்ட பெரும் மறையுரைத் தொகுப்பு ஒன்றும் அப்படிச் சிறைப்பட்டது. அதன் உரிமையாளர் கொல்லப்பட்டார். துறவிகளும் மக்களும் 4,000 வெள்ளிக்காசுகள் திரட்டி அதை மீட்டு, திருத்தூதர்கள் மடாலயத்தில் வைத்தார்கள். எழுநூறு ஆண்டுகள் அது அங்கேயே இருந்தது.

1915இல் ஒட்டோமன் ஆட்சியில் நடந்த இனப்படுகொலையில் மடாலயமும் அழிக்கப்பட்டது. அங்கே கிடந்த நூலைக் கண்ட இரு பெண்கள், பாரம் தாங்காமல் அதை இரண்டாகப் பிரித்துச் சுமந்தார்கள் என்று சொல்லப்படுகிறது. ஒரு பாதி எச்மியாட்சின் பேராலயத்தைச் சென்றடைந்தது. மற்றப் பாதி எர்சுரூமில் புதைக்கப்பட்டு, பின்னர் கண்டெடுக்கப்பட்டது. இரண்டும் இன்று யெரெவானின் மாதெனதாரான் சுவடிச்சாலையில் ஒன்றாக இருக்கின்றன.

மடாலயத்தில் இடிந்த சுவர்களே மிஞ்சியுள்ளன. நூலின் எடை ஏறத்தாழ 28 கிலோ. ஓர் அரிசி மூட்டையை விடவும் அதிகம். அவர்கள் அரிசியையே எடுத்திருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.