மாஸ்டர்–ஸ்லேவ்: அடிநிலை நிரல்களில் ஒரு சொல்மாற்றம்

ஒரு கருவி கட்டளையிட, மற்றது அதன்படி இயங்கும் ஏற்பாட்டுக்குப் பொறியியலில் நெடுங்காலம் வழங்கிய பெயர் மாஸ்டர்–ஸ்லேவ். 1904இல் கேப் டவுன் வானாய்வகத்தின் டேவிட் கில், ஒரு கடிகாரத்துக்கு அடங்கி ஓடும் இன்னொன்றை விவரிக்க இச்சொற்களைக் கையாண்டார். அடிமைமுறை 1834 வரை சட்டபூர்வமாக இருந்த ஊர் அது. பின்னர் வன்தட்டு, தரவுத்தளம், 1982இல் பிலிப்ஸ் உருவாக்கிய ஐ2சி இணைப்பு என எங்கும் இவ்வழக்கு பரவியது.

வட இலங்கையில், கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்திலும், 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவிலும் இச்சொற்கள் வழங்கும் துறைகளுக்குப் பாடமொழி ஆங்கிலம். ஆகவே அவை மொழிபெயர்க்கப்படாமலே மாணவர் காதில் விழுகின்றன. ஆண்டான், அடிமை என்று தமிழில் சொல்லிப் பார்த்தால்தான் உறுத்தும். வடக்கில் அது வெறும் உவமையும் அன்று: ஒல்லாந்தர் 1707இல் தொகுப்பித்த, தேசவழமை எனும் யாழ்ப்பாண வழக்காற்றுச் சட்டத்தில் அடிமைகளைப் பற்றித் தனிப்பகுதியே இருந்தது. இலங்கையில் அடிமைமுறை 1844இல்தான் சட்டப்படி ஒழிந்தது.

இச்சொற்களுக்கான எதிர்ப்பு, அவற்றைத் தவிர்க்கக் கேட்ட லொஸ் ஏஞ்சலிஸ் மாவட்ட நிர்வாகத்தின் சுற்றறிக்கையுடன் 2003இல் செய்தியானது. அன்று பலர் சிரித்தார்கள். 2014இல் ஜாங்கோ இணையச் சட்டகமும் 2018இல் பைத்தான் நிரல்மொழியும் சொற்களை மாற்றின. அடிநிலை நிரலில் அது அவ்வளவு எளிதல்ல. இயங்குதளத்தின் கருவான கெர்னலில் ஒரு பெயரை மாற்றினால் அதை நம்பி எழுதப்பட்ட வெளி மென்பொருள்கள் முறியலாம். 2020 ஜூலையில் கெர்னல் நிரலாளர் டான் வில்லியம்ஸ் முன்வைத்த திருத்தத்தை லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அதன் நிரல்நடை விதிகளில் சேர்த்தபோது, இந்தச் சிக்கலுக்கும் அதில் இடம் விடப்பட்டது. புதிய நிரலில் மாஸ்டர்–ஸ்லேவ், பிளாக்லிஸ்ட்–வைட்லிஸ்ட் வேண்டாம்; பயனர் மென்பொருள் சார்ந்திருக்கும் இடைமுகங்களிலும், ஏற்கெனவே உள்ள வன்பொருள் விவரக்குறிப்பு கட்டாயப்படுத்தும் இடங்களிலும் பழையன இருக்கலாம். முதன்மை–துணை, கட்டுப்படுத்தி–கருவி என்ற பொருள்படும் இணைகள் மாற்றாகக் காட்டப்பட்டன.

மாற்றம் அறநெறிக்காக மட்டும் வரவில்லை என்பது கவனிக்கத்தக்கது. சில்லுகளை இணைக்கும் எஸ்பிஐ என்ற இன்னொரு இணைப்புக்கான லினக்ஸ் பகுதியில் 2017இலேயே மாஸ்டர் என்ற பெயர் கன்ட்ரோலர் ஆயிற்று. அதே சில்லு இரு பாத்திரங்களையும் ஏற்க முடிந்ததால் பழைய பெயர் பொருந்தாமல் போனதே காரணம். நல்ல பெயர் பெரும்பாலும் துல்லியமான பெயராகவும் இருக்கிறது.

விவரக்குறிப்பே மாறியபோது சாக்குக் குறைந்தது. பிலிப்ஸிலிருந்து பிரிந்த என்எக்ஸ்பி நிறுவனம் 2021இல் ஐ2சி ஆவணத்தின் ஏழாம் பதிப்பில் கன்ட்ரோலர், டார்கெட் என்று எழுதியது. 2024இல் லினக்ஸ் 6.11இன் ஐ2சி ஆவணங்களும் அவ்வழி திரும்பின. ஸ்லேவ் என்ற பெயருடைய செயற்கூறுகள் சில அங்கே இன்னும் உள்ளன. எஸ்பிஐ கம்பிகளுக்கும் திறந்த வன்பொருள் சங்கம் புதுப்பெயர்களை முன்வைத்தது. ஆயினும் கடையில் வாங்கும் உணரிப் பலகைகள் பலவற்றில் இன்றும் மிசோ, மோசி என்றே அச்சாகியிருக்கிறது. அவற்றில் ஒளிந்திருக்கும் ‘எஸ்’ எழுத்து, ஸ்லேவ்தான்.