தொலைவிலிருந்து கேட்கும் செவி

கைப்பேசித் திரையிலே ஒரு மனோதத்துவ நிபுணரின் முகத்தைப் பார்த்துப் பேசி மனநோவுக்குச் சிகிச்சை பெறுவது இன்று நம் நகரங்களில் சகஜமாகிவிட்டது. ஆயினும் முதன்முறை அவ்வாறு பேச நேரம் குறித்துக்கொண்டவர் பலரும், எதிரே வந்து அமராத ஒருவரிடம் தம் அந்தரங்கத்தைத் திறந்து வைப்பது முறைதானா என்று உள்ளூரத் தயங்குகிறார்கள். அத்தயக்கம் இயல்பானதே. ஆனால், பேச்சையே மருந்தாகக் கொண்ட வைத்தியம் பிறந்த நாள் முதலே அதனோடு ஒருவகைத் தொலைவும் கலந்திருந்தது என்பதை அதன் சரித்திரத்தைப் புரட்டிப் பார்ப்பவர் எளிதில் காணலாம்.

வியன்னா நகரத்தில், பெர்க்காஸே வீதியின் 19ஆம் இலக்க வீட்டில் 1891 முதல் 1938 வரை வாழ்ந்து வைத்தியம் செய்த ஸிக்மண்ட் பிராய்டு, நோயாளியைச் சாய்வு மஞ்சத்தில் படுக்க வைத்துவிட்டு, தாம் அவருடைய தலைமாட்டுக்குப் பின்னால், அவர் கண்ணில் படாத இடத்தில் அமர்ந்துகொண்டே செவிசாய்த்தார். நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் பிறர் தம்மை உற்று நோக்குவதைத் தம்மால் பொறுக்க இயலவில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. சிகிச்சையை ஆரம்பிக்கும் முறைபற்றி 1913இல் அவர் எழுதிய கட்டுரையில் இதைச் சொன்னதோடு, முதல் ஓரிரு வாரங்களைப் பரீட்சைக் காலமாகவே கொள்ளவேண்டும், ஒவ்வொருவருக்கும் ஒரு குறிப்பிட்ட மணி ஒதுக்கப்படவேண்டும், அந்த மணிக்கு வராவிடினும் அதற்குரிய கட்டணத்தை அவர் செலுத்தியே ஆகவேண்டும் என்னும் நியமங்களையும் வகுத்தார். கடைசி நியமம் கடுமையானதுதான். ஆயினும், தனிப்பட்ட முறையில் தொழில் நடத்தும் நிபுணர்கள் இன்று திரைவழியே முதல்நாள் சொல்லும் நிபந்தனைகளில் பல அக்கட்டுரையின் சாயலைத் தாங்கியவையே.

அவரே ஒருமுறை இன்னும் தொலைவிலிருந்து வைத்தியம் செய்தார். குதிரையைக் கண்டால் அஞ்சி நடுங்கிய ஒரு சிறுவனுக்கு 1908இல் நடந்த சிகிச்சையில், குழந்தையின் பேச்சையும் கனவையும் தந்தையார் குறித்தனுப்ப, பிராய்டு ஆலோசனை கூறிவந்தார். அச்சிகிச்சைக் காலத்தில் சிறுவனை அவர் நேரில் கண்டது ஒரே முறைதான்.

மனோவைத்தியத்தின் சரித்திரத்தில் என் உள்ளத்தை மிகவும் உருக்குவது, வைத்தியரல்லாத ஒருவருடைய கதை. பூப்பெய்தியதன் காரணம் அறியாமல், அதைக் கொடிய நோயென்று அஞ்சி உயிர்நீத்த பதினான்கு வயதுப் பெண்ணொருத்தியின் ஈமச்சடங்கை 1935இல் நடத்திவைத்த இளம் பாதிரியார் சாட் வாரா, அவளிடம் பேச ஒருவரும் இல்லாமற் போயினரே என்னும் வேதனையைப் பல ஆண்டுகள் மனத்தில் சுமந்து, 1953 நவம்பரில் லண்டனிலுள்ள தம் தேவாலயத்தில் ஒரு தொலைபேசியை வைத்து, துயருற்றோர் யாராயினும் அழைக்கலாம் என்று அறிவித்தார். அவரைக் காண நேரில் வந்து காத்திருந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்து உபசரிக்க வந்த தொண்டர்களிடமே சிலர் மனம்விட்டுப் பேசி, ஆறுதலடைந்து, பாதிரியாரைக் காணாமலே திரும்பிச் சென்றார்கள். அதைக் கண்ட அவர், 1954இல் அழைப்புக்குப் பதிலளிக்கும் பொறுப்பையும் அத்தொண்டர்களிடமே ஒப்படைத்தார். சென்னையில் 1986இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் நிறுவிய ஸ்நேகா என்னும் அமைப்பும் அதே வழியில் நின்று, துயருற்றோரின் சொல்லைப் பொறுமையோடு கேட்டுவருகிறது.

உருவத்தையும் குரலையும் ஒருங்கே கொண்டுசேர்க்கும் முயற்சி அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாகாணத்தில் 1959இல் ஆரம்பித்தது. அங்குள்ள மனோவைத்தியர்கள், இருபுறமும் காணத்தக்க தொலைக்காட்சியின் மூலம் குழுச் சிகிச்சை நடத்தினார்கள். நம் நாட்டில், கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரியின் தலைவராக விளங்கிய டாக்டர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம், 2010 வாக்கில் புதுக்கோட்டை ஜில்லாவின் கிராமங்களுக்கு ஒரு பேருந்தை அனுப்பியது. நோயாளி பேருந்துக்குள் அமர்ந்து, தொலைவிலிருக்கும் வைத்தியரிடம் திரைவழியே பேசி, அங்கேயே மருந்தும் பெற்றுச் செல்லலாம். பட்டணம் போய்வரும் வண்டிச்சத்தமும் ஒருநாள் கூலியும் ஓர் ஏழைக் குடும்பத்துக்கு எத்தனை பெரிய பாரம் என்பதை அறிந்தவர்களின் ஏற்பாடு அது.

2020இல் பெருந்தொற்று வந்து கதவுகளை அடைத்தபோது, மருத்துவர்கள் தொலைவிலிருந்து சிகிச்சையளிப்பதற்கான விதிகளை இந்திய அரசு மார்ச் மாதத்தில் வெளியிட்டது. தனித்துத் தொழில்புரியும் மனோதத்துவ நிபுணர்களும் திரைக்கு மாறினார்கள். இன்று ஆரம்பிக்க நினைக்கும் வாசகருக்கு நான் சொல்ல விரும்புவது இது: தொலைவுக்கு அஞ்ச வேண்டாம், தகுதியின்மைக்கு அஞ்சுங்கள். மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொள்பவரிடம், இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பெற்ற பதிவெண்ணைக் கேளுங்கள், அது அவமரியாதையன்று. வீட்டார் காதில் விழாத ஓர் அறையையும், இடையூறில்லாத ஒரு மணி நேரத்தையும் உங்களுக்கென்று ஒதுக்கிக்கொள்ளுங்கள். கட்டணம் கொடுக்க வசதியில்லாதவர்கள், 2022 அக்டோபர் முதல் அரசு நடத்திவரும் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.